கெர்னலுக்குப் பேட்ச் போட்டாயிற்று, ஓடுவது எது?

2024 மார்ச் கடைசி வாரத்தில் மூன்று காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. 26ஆம் தேதியோடு தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெடிங் (அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு) நின்றது. அதே வாரம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சிவிஇ-2024-1086 என்று எண்ணிட்ட பாதுகாப்பு ஓட்டை வழியாகச் சாதாரணப் பயனர் ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஆவதற்கான முழு நிரல் இணையத்துக்கு வந்தது. 29ஆம் தேதி பெரிய வெள்ளி. டர்பன் பக்கம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் கூட்டம் நெரியும் அந்த நாளில்தான், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் நிரல் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ புறவாசல் வைத்திருந்த செய்தி வெடித்தது.

எல்லோரும் எக்ஸ்ஸெட்டையே பேசினார்கள். அது பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளைத் தாண்டவில்லை. டெபியன் 12, உபுண்டு 22.04 போட்டு ஓடும் கோவில் அலுவலகக் கணினிக்கும் தமிழ் வகுப்பு சர்வருக்கும் அது வந்தே சேரவில்லை. கெர்னல் ஓட்டையோ 2014இல் வந்த 3.15 முதலே உள்ளே உட்கார்ந்திருந்தது.

ஓட்டை இருந்தது ஃபயர்வால் பகுதியான என்எஃப்டேபிள்ஸில். ஒரு பாக்கெட்டை 'தள்ளு' என்று விதி சொல்லும்போது அதோடு ஒரு பிழை எண்ணையும் சேர்த்துத் தரலாம். அந்த எண் நேர்மறையாக இருக்கக்கூடாது என்று கெர்னல் சரிபார்க்கவில்லை. சரியான எண்ணைக் கொடுத்தால், பாக்கெட்டின் நினைவகத்தை விடுவித்த பிறகும் 'ஏற்றுக்கொள்' என்ற பதில் திரும்பும்; ஏற்கனவே விடுவித்ததை மறுபடி விடுவிக்க வேண்டி வரும். அங்கிருந்து ரூட் வரை போவது திறமைசாலிக்குச் சாத்தியம். திருத்தம் சில வரிகள்தான், 5.15.149, 6.1.76, 6.6.15, 6.7.3 பதிப்புகளில் வந்துவிட்டது. அதாவது தாக்கும் நிரலுக்கு முன்பே மருந்து வந்தாயிற்று. மே 30இல் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, நிஜத் தாக்குதலில் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

'உள்ளே ஆள் இருந்தால்தானே இது வேலை செய்யும், நம் மெஷினில் யார் இருக்கிறார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. நன்கொடைப் பக்கத்தில் ஒரு பழைய வேர்ட்பிரஸ் பிளகின் இருந்தால் போதும். அதன் வழியாக வெப் சர்வரின் பயனராக நுழைந்தவனும் உள்ளே இருக்கும் ஆள்தான்.

இப்போது முக்கியமான சோதனை. டெபியன் 12இல் 'யூநேம் -ஆர்' கொடுத்தால் 6.1.0-17-ஏஎம்டி64 என்பது போல ஒன்று வரும். நடுவில் இருக்கும் 0 எப்போதும் 0தான், அதைப் பார்த்துப் பயனில்லை. 'யூநேம் -வி' கொடுங்கள். 6.1.69-1 என்று வந்தால் ஓட்டை திறந்திருக்கிறது. 6.1.0-18க்கு அதே கட்டளை 6.1.76-1 என்று காட்டும்; இந்த ஓட்டை அதில் அடைபட்டது. உபுண்டுவிலும் 5.15.0 என்பது மாறவே மாறாது; உண்மையான மூலப் பதிப்பு '/ப்ராக்/வெர்ஷன்_சிக்னேச்சர்' கோப்பின் கடைசி எண்ணில் இருக்கிறது. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துப் பீதி கிளப்பும் ஸ்கேனர் அறிக்கைகளை நான் நம்புவதில்லை. டெபியன், உபுண்டு போன்ற விநியோகங்கள் திருத்தத்தைப் பழைய எண்ணுக்குள்ளேயே கொண்டுவந்து வைப்பது அவற்றுக்குத் தெரியாது.

'டிபிகேஜி -எல்' காட்டுவது வட்டில் இருக்கும் கெர்னலை. 'யூநேம்' காட்டுவது நினைவகத்தில் ஓடுவதை. இரண்டும் வேறாக இருந்தால் பேட்ச் இன்னும் வேலைக்கு வரவில்லை. '/வார்/ரன்/ரீபூட்-ரிக்வயர்ட்' என்ற கோப்பு இருந்தாலும் பெரும்பாலும் அதே பொருள்.

டர்பனில் ஒரு வேடிக்கை. லோட்ஷெடிங் இருந்த காலத்தில் இன்வெர்ட்டர் இல்லாத மெஷின்கள் கரண்ட் போய் வரும்போதெல்லாம் புதுக் கெர்னலில் எழுந்தன. ரீபூட்டைப் பற்றி யாரும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. மின்சாரம் சீரானதும் மாதக்கணக்கில் அணையாத மெஷின்கள் பெருகின, பழைய கெர்னலும் அதே மாதக்கணக்கில் ஓடுகிறது. நீண்ட அப்டைம் பெருமைப்படுகிற விஷயம் இல்லை.

கரண்ட் போவது உதவி என்றும் சொல்லிவிட முடியாது. அது அப்டேட்டின் நடுவில் போனால் வேறு தலைவலி. டெபியன், உபுண்டு வகைகளில் கெர்னல் பேக்கேஜ் முதலில் கோப்புகளை விரிக்கும். பிறகு இனிட்ராம்எஃப்எஸ் (மெஷின் எழும்போது வட்டை ஏற்ற உதவும் சிறு கோப்புத் தொகுப்பு) கட்டும். கடைசியில்தான், எந்தக் கெர்னலில் எழுவது என்று சொல்லும் கிரப் பட்டியலைப் புதுப்பிக்கும். கிரப் புதுப்பிக்கும் முன் கரண்ட் போனால் பழைய பட்டியல் அப்படியே இருக்கும், மெஷின் பழைய கெர்னலில் சத்தமில்லாமல் எழும். எந்த எச்சரிக்கையும் வராததால் வேலை முடிந்தது என்றே தோன்றும். கரண்ட் வந்ததும் 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' ஓட்டுங்கள், பிறகு 'ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்', பிறகு ரீபூட், பிறகு 'யூநேம் -வி'. 2025 ஜனவரி கடைசியில் லோட்ஷெடிங் மறுபடி எட்டிப் பார்த்தது என்பதால் இதை மறந்துவிட வேண்டாம்.

இதைவிட மோசம், '/பூட்' நிரம்பிப்போவது. வட்டை என்க்ரிப்ட் செய்து நிறுவிய பழைய மெஷின்களில் அது தனிப் பகிர்வாக, சிறிதாக இருக்கும். மூன்று கெர்னல் சேர்ந்ததும் இடம் தீரும், இனிட்ராம்எஃப்எஸ் கட்டுவது பாதியில் நிற்கும். அப்போதும் பழைய கெர்னல் எழும், சிக்கல் தெரியாது. பின்னொரு நாள் வேறு ஏதோ பேக்கேஜ் கிரப்பைப் புதுப்பிக்கும்போது, இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத புதுக் கெர்னல் பட்டியலின் தலையில் ஏறிவிடும். அடுத்த ரீபூட்டில் 'ரூட் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை, அன்னோன்-ப்ளாக்(0,0)' என்ற கெர்னல் பேனிக். பயப்பட வேண்டாம். கிரப்பின் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' வழியே பழைய கெர்னலில் எழுங்கள். 'டிஎஃப் -ஹெச் /பூட்' பாருங்கள். 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' கொடுத்து இடம் பண்ணுங்கள். பிறகு 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே' என்பதோடு புதுக் கெர்னலின் முழுப் பெயரைக் கொடுங்கள், கடைசியாக 'அப்டேட்-கிரப்'. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலைக் கையால் அழிக்கவே கூடாது.

உடனே ரீபூட் செய்ய வழியில்லையா? 1086 போன்ற ஓட்டைக்குத் தற்காலிகத் தடை உண்டு. சாதாரணப் பயனர் என்எஃப்டேபிள்ஸைத் தொடுவது யூசர் நேம்ஸ்பேஸ் (தனக்கென ஒதுக்கிய வட்டத்துக்குள் மட்டும் ரூட் போல இயங்க விடும் வசதி) வழியாகத்தான். 'யூசர்.மேக்ஸ்_யூசர்_நேம்ஸ்பேசஸ்' மதிப்பை 0 ஆக்கி '/இடிசி/சிஸ்சிடிஎல்.டி' அடைவில் ஒரு கோப்பாக வைத்து 'சிஸ்சிடிஎல் --சிஸ்டம்' கொடுத்தால் கதவு மூடும். ரூட் இல்லாமல் ஓடும் பாட்மேன் கண்டெய்னர்களும் ஃப்ளாட்பேக் செயலிகளும் அதோடு நிற்கும், க்ரோமியமும் முரண்டு பிடிக்கலாம். சர்வரில் இவற்றுக்கு வேலையில்லை என்றால் தாராளமாகப் போடலாம். மாணவர்கள் உட்காரும் டெஸ்க்டாப்பில் யோசித்துச் செய்யுங்கள்.

எல்லா ஓட்டைக்கும் இப்படி ஒரு தடை கிடைக்காது. 2022 மார்ச் 7இல் மேக்ஸ் கெல்லர்மன் வெளியிட்ட டர்ட்டி பைப்புக்கு அணைக்க ஸ்விட்சே கிடையாது. பைப்பின் பஃபரில் பழைய கொடி அழியாமல் தங்கியதால், படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பின் நினைவகப் பிரதியில் யாரும் எழுத முடிந்தது. திருத்தம் அந்தக் கொடியை 0 ஆக்குவது, இரண்டே இடத்தில். 5.8 முதல் இருந்த அது 5.16.11, 5.15.25, 5.10.102இல் சரியானது. அந்த மாதிரி வரும்போது ரீபூட்தான் ஒரே வழி.

ரீபூட் இல்லாமலே பேட்ச் போடும் லைவ்பேட்ச் பற்றிக் கேட்பார்கள். உபுண்டு ப்ரோ ஐந்து மெஷின் வரை தனிநபருக்கு இலவசம், அதில் லைவ்பேட்சும் உண்டு. ஓடும் கெர்னலில் பிழையுள்ள ஃபங்ஷனை மட்டும் மாற்றி வைக்கும், 'யூநேம்' எண் மாறாது, 'கனோனிக்கல்-லைவ்பேட்ச் ஸ்டேட்டஸ்' கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். தரவு அமைப்பையே மாற்றும் திருத்தங்களுக்கு அது பெரும்பாலும் சரிப்படாது. நாள் கடத்த உதவும், அவ்வளவே.

அப்டேட்டைத் தானாகவே போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் இருந்தால் அதன் '50' எனத் தொடங்கும் கோப்பில் 'ஆட்டோமேட்டிக்-ரீபூட்' ஃபால்ஸ் என்றுதான் இருக்கும். வரிகளின் முன்னால் இருக்கும் // குறியை எடுத்து, ட்ரூ ஆக்கி நேரத்தை 02:00 என்று வையுங்கள். லோட்ஷெடிங் திரும்பி வந்தால் உங்கள் பகுதியின் அட்டவணையைப் பார்த்து, கரண்ட் வந்து ஒரு மணி நேரத்துக்குப் பிந்தைய நேரமாக மாற்றுங்கள். ஈஸ்டர், தைப்பூசக் காவடி வாரங்களில் நன்கொடைப் பக்கம் நிற்கக்கூடாது என்பதால் ரீபூட்டை அந்த வாரத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.