ஏரி வாரியம் தெரியும், வார்டு அலுவலகம் தெரியாது

நகராட்சி எல்லைக்குள் இருக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிப்பதோடு சுற்றுச்சூழல் மன்றத்தின் பொறுப்பையும் நான் கவனித்து வருவதால், உள்ளாட்சி அமைப்பின் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் பள்ளிக்குள் வந்து போவதை அருகிலிருந்து பார்க்க முடிகிறது. ஊர்ப் பெயர் இங்கே தேவையில்லை; தமிழ்நாட்டின் எந்த நகராட்சியில் வசிப்பவருக்கும் இது தெரிந்த காட்சிதான். காலை இறைவணக்கக் கூட்டத்துக்குச் சுகாதார ஆய்வாளரும் பரப்புரையாளர்களும் வருவார்கள். ‘எனது குப்பை எனது பொறுப்பு’ என்று உறுதிமொழி எடுக்கப்படும். சில மாணவர்களுக்குத் துணிப்பை வழங்கப்படும். பதாகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தெருக்களுக்குப் பேரணி, அதன்பின் புகைப்படம். முதல் இடைவேளைக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்றாலும், அன்று பல ஆண்டுகளில் கோடை விடுமுறையே முடிந்திருக்காது என்பதால், அந்த விழாவும் பள்ளி திறந்தபின் வசதியான ஒரு நாளில் இதே வடிவத்தில் நடந்து முடியும்.

வருபவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அன்று வேறு பத்து வேலைகள் காத்திருக்கின்றன. அவற்றுக்கிடையே வந்து பேசுகிறார்கள். ஆனால் இது ஏதோ கூடுதல் சேவை என்பதுபோல இரு தரப்பும் நடந்துகொள்வதுதான் எனக்கு உறுத்துகிறது. 1991 நவம்பரில், சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கல்வியின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. (திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் வாசக அட்டைகளைக் கட்டணமின்றிக் காட்ட வேண்டும் என்பதும் அதே ஆணையில்தான் இருந்தது, அந்த அட்டைகள் ஓடும்போது எத்தனை பேர் இருக்கையில் இருந்தார்கள் என்பது வேறு கதை.) பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை 2001-02இல் தொடங்கப்பட்டது. அரசமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களில், திடக்கழிவு மேலாண்மையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் மட்டுமல்ல, பண்பாட்டையும் கல்வியையும் வளர்ப்பதும் நகர்ப்புற உள்ளாட்சியின் பணிகளாக இடம்பெற்றன. 2016இல் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகளோ, குப்பையைத் தரம் பிரிப்பது, வீட்டிலேயே உரமாக்குவது ஆகியவற்றைப் பற்றி மக்களுக்குக் கற்பிப்பதை உள்ளாட்சி அமைப்பின் கடமையாகவே வரையறுத்தன. ஆகவே நகராட்சி பள்ளிக்கு வருவது சட்டம் சொல்லும் வேலை. அதைப் புகைப்படத்துக்காக அல்லாமல் பாடமாக நடத்தும்படி கேட்க எங்களுக்கும் உரிமை உண்டு.

பாடமாக நடத்த அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு டெங்கு தடுப்புப் பணியே சான்று. மழைக்காலத்துக்கு முன் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வரும்போது யாரும் உரை நிகழ்த்துவதில்லை. ஒரு கண்ணாடிக் குப்பியில் நீர். அதில் நெளியும் ஏடிஸ் புழுக்கள். அதை வகுப்பில் கைமாற்றிக் காட்டுகிறார்கள். சாக்கடையில் அல்ல, நல்ல நீரில்தான் இந்தக் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இவ்வளவுதான் பாடம். அன்று மாலையே பிள்ளைகள் வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டையும், மொட்டை மாடியில் கிடக்கும் டயரையும், கொட்டாங்குச்சியையும் தேடிப் போகிறார்கள். மறுநாள் ஒருவன் எங்கள் பள்ளியின் கழிப்பறைத் தொட்டியிலேயே புழுவைக் கண்டுபிடித்துத் தலைமையாசிரியரிடம் கொண்டுவந்து நீட்டினான். பார்க்கக் கூடிய பொருள், செய்யக் கூடிய வேலை, ஒரு வாரத்துக்குள் தெரியும் பலன் ஆகிய மூன்றும் அந்தப் பாடத்தில் இருக்கின்றன.

குப்பையைப் பற்றிய பாடத்தில் இவை மூன்றும் இல்லை. மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் ஒரு நிகழ்ச்சியின் முடிவில், “நாங்க ரெண்டு வாளியில பிரிச்சுப் போடுறோம், வண்டியில ஒண்ணாத்தானே சார் கொட்டுறாங்க?” என்று ஒரு மாணவி கேட்டபோது கூட்டம் சிரித்தது. வந்திருந்த அலுவலர் சிரிக்காமல், சில வார்டுகளில் இன்னும் தடுப்பு வைத்த வண்டிகள் வரவில்லை என்று உள்ளதைச் சொன்னார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆயினும், எங்கள் பிள்ளைகளின் வீட்டில் பிரிக்கும் பழக்கம் இரண்டு மாதங்களில் நின்றுபோனதற்கு அவர்களுடைய அக்கறையின்மை காரணமல்ல. காலையில் வாசலுக்கு வரும் வண்டி கற்பிக்கும் பாடத்துக்கு முன்னால் உறுதிமொழியின் பாடம் நிற்க முடியாது.

இதற்கு மருந்தும் நகராட்சியின் கையிலேயே இருக்கிறது என்பதுதான் என் வாதம். நாங்கள் கரும்பலகையில் படம் வரைந்து காட்டுவதை அவர்கள் ஊருக்குள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். நுண் உரம் தயாரிக்கும் மையத்தில், காற்றுப் புக இடைவெளி விட்டுக் கட்டிய செங்கல் தொட்டிகளில், காய்கறிக் கழிவும் காய்ந்த இலையும் சாணக் கரைசலும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சில நாட்களில் அதன் உள்வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். குவியலுக்குள் செருகிய இரும்புக் கம்பியை உருவித் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு நுண்ணுயிர்கள் உயிரோடு வேலை செய்கின்றன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் மிகுந்தால் நாறும், காய்ந்தால் வேலை நின்றுவிடும். ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்துச் சலித்தால் மண் போன்ற உரம் கீழே விழ, பிரிக்காமல் போட்ட ஷாம்பு உறைகளும் பால் பாக்கெட்டின் வெட்டுத் துண்டுகளும் சல்லடைமேல் தங்கும். சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளில் பல பத்தாண்டுக் குப்பையைத் தோண்டிச் சலிக்கும் பணி ஏன் இவ்வளவு செலவு பிடிக்கிறது என்பதை அந்தச் சல்லடை முன் நின்று ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

அங்கே பாடம் நடத்த வேண்டியவர்கள் தூய்மைப் பணியாளர்கள்தாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். கூட்டத்தில் ‘குப்பை’, ‘அசிங்கம்’ என்று கூச்சலிட்டுப் பேசும் நிகழ்ச்சிகளில் அந்தப் பிள்ளைகள் தலை குனிவதை நான் கவனித்திருக்கிறேன். அவர்களின் அம்மா தொட்டியின் பக்கத்தில் நின்று, எதைப் போடலாம், எதைப் போட்டால் கை கிழியும் என்று நாற்பது பேருக்கு விளக்கும்போது நிலைமை வேறு. உடைந்த கண்ணாடியையும் பயன்படுத்திய நாப்கினையும் தாளில் சுற்றித் தனியாகத் தர வேண்டும் என்பதை அவரைவிட அழுத்தமாகச் சொல்லக்கூடிய அலுவலர் யாருமில்லை.

இந்தப் பாடத்தின் இன்னொரு பாதி, எதற்கு யாரிடம் போய்க் கேட்பது என்பது. அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. உத்திரமேரூர் கல்வெட்டையும் குடவோலை முறையையும் எங்கள் மாணவர்கள் நன்றாகவே எழுதுவார்கள். பராந்தக சோழன் காலத்தில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் இருந்தன என்பது மனப்பாடம். நம் ஊர் ஏரிக்கு இன்று பொறுப்பு யார் என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடும். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) கொண்ட ஏரி நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும் என்பதும், அதன் கரையில் கொட்டப்படும் குப்பைக்கு மட்டும் நகராட்சியிடம் போக வேண்டும் என்பதும் பெரியவர்களுக்கே தெரிவதில்லை. மனுக்கள் மேசை மாறி மாறி அலைவதற்கு இதுவும் ஒரு காரணம். 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், நகரங்களில் பகுதி சபைகள் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராம சபை என்பது பாடநூலில் இருப்பதால் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. தங்கள் வார்டில் தெருவிளக்கையும் வடிகாலையும் பற்றிப் பேச இப்படி ஒரு சபை உண்டு என்பதை, பள்ளிக்கு வந்த எந்த நகராட்சி நிகழ்ச்சியும் அவர்களிடம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. குப்பையைப் பிரிக்கும் கடமையைக் கற்பிப்பவர்கள், பிரித்த குப்பையைத் தனியாக எடுக்காவிட்டால் எங்கே கேட்பது என்பதையும் கற்பிக்கத்தானே வேண்டும்? அதைக் கற்பித்தால் அடுத்த கூட்டத்தில் கேள்வி வரும் என்ற தயக்கம் இருக்கலாம். அந்த மாணவியின் கேள்வி ஏற்கெனவே வந்துவிட்டது.

மஞ்சப்பை விநியோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. பை நல்லதுதான். ஒரே பிள்ளைக்கு மூன்று முறை கொடுப்பதைவிட, அதே பணத்தில் உரக்கூடத்துக்குப் போக ஒரு பேருந்து அமர்த்தித் தரலாம்.

பேருந்தைத்தான் இப்போது எழுத்துமூலம் கேட்டிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், ஒரு சனிக்கிழமை, முதலில் உரக்கூடம், பிறகு வார்டு அலுவலகம். வாய்மொழியாகச் சம்மதம் கிடைத்துவிட்டது, நேரத்தில்தான் இழுபறி. வண்டிகள் எல்லாம் வந்து இறக்கிவிட்டுப் போனபின், இடத்தைக் கழுவிச் சுத்தம் செய்து, பதினொரு மணிக்கு வரச் சொல்கிறார்கள். வண்டிகள் வரும் ஏழு மணிக்கே மாணவர்களை அழைத்து வருகிறோம் என்று நாங்கள் மறுகடிதம் கொடுத்திருக்கிறோம்.