இஷாப்பூர் துப்பாக்கியும் எங்க வீட்டு நிலைக்கதவும்

பக்கத்து வீட்டுப் பெரியவர் கராஜுல ஒரு பழைய ரைபிளைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தாரு. ஒரு ஹாய் சொல்லிட்டுப் போயிரலாம்னு எட்டிப் பாத்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு, இரும்புல நம்ம அசோகச் சிங்கம்! ரூபா நோட்டுல இருக்குமே அதே சிங்கம், கீழ ஆர்.எஃப்.ஐ., 1967ன்னு பொறிச்சிருக்கு. கல்கத்தா பக்கம் இஷாப்பூர்ல இருக்கிற ரைபிள் ஃபேக்டரி சரக்கு. நான் விசா கிசான்னு அலைஞ்சு அமெரிக்காவுல விஸ்கான்சின் வந்து சேந்தா, இது எனக்கு ரொம்ப முன்னாடியே வந்து இங்க மான் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

சின்ன வயசுல காரைக்குடி ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற போலீஸ்காரர் கையில த்ரீ நாட் த்ரீ இருக்கும், ஒரு தடவையாவது தொட்டுப் பாத்துரணும்னு அவ்வளவு ஆசை, அப்பச்சி கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போயிருவாக. இது அதோட தம்பிதான். உருவம் அதே, ஆனா 7.62 தோட்டாவுக்குத் தோதா இன்னும் உறுதியான ஸ்டீல்ல 60கள்ல நம்மாளுக செஞ்சது, தோட்டா போடுற மேகசின் மட்டும் சதுரமா துருத்திக்கிட்டு இருக்கும். பழசானதெல்லாம் சர்ப்ளஸ்னு கப்பலேறி இங்க கடைகள்ல சல்லிசா வித்திருக்காக, பெரியவர் அப்ப வாங்கினது. பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன எங்க வீட்டு ஐயாக்களை விட இது நெறையக் கடல் தாண்டியிருக்கு.

இதுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கப் போறேன்னாரு மனுஷன். எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. பழைய சாமானுக்குப் பெயிண்டான்னு நான் பதற, அவர் சிரிச்சுக்கிட்டே நகத்தால குழாயைச் சொரண்டினாரு, கருப்பா செதில் செதிலா உதிருது. ஃபேக்டரியிலயே இது பெயிண்ட்தானாம். வேட்டைத் துப்பாக்கில பாக்குற அந்த நீலம் கலந்த கருப்பு இரும்போட சொந்த ஆக்சைடு, ரொம்ப மெல்லிசு, கை பட்டுப் பட்டே தேஞ்சுரும். பட்டாளத்துக்காரன் அதை நம்ப மாட்டான், பாஸ்பேட் போட்டு அது மேல கருப்புப் பெயிண்ட் அடிச்சிருவான், வெள்ளைக்காரனும் கடைசி காலத்துல அப்படித்தான் செஞ்சான். ஒரிஜினல் பூச்சு நல்லா இருந்தா தொடவே கூடாது, வெலை போயிரும், ஆனா இது பாதி உதிந்து அங்கங்க துரு பிடிச்சுருச்சு, இனி மானம் போக ஒண்ணும் இல்லைன்னாரு.

பெரிய கடையில குடுத்தா செராகோட்னு ஒண்ணு அடிப்பாக, அதுக்கு மணல் மாதிரி பொடியை அடிச்சு இரும்பைச் சொரசொரப்பாக்கணும், அடிச்ச பிறகு 250 டிகிரி பாரன்ஹீட்டுல ரெண்டு மணி நேரம் அடுப்புல வேக வைக்கணும், காசும் தீட்டிருவான். இவர் வாங்கினது சாதா எபாக்ஸி ஸ்ப்ரே டப்பா, காத்துலயே காயும். ஆனா வேலை மட்டும் பூஜை மாதிரிதான் நடந்துச்சு. தோட்டா இல்லைன்னு ரெண்டு தரம் பாத்து, போல்ட்டைக் கழட்டித் தனியா வச்சு, குழாய் ரெண்டு முனையும் அடைச்சு, உள்ள உரசுற எடமெல்லாம் டேப் ஒட்டி, பிரேக் கிளீனரால எண்ணெய்ப் பசை போகக் கழுவி, அப்புறம் கையுறை இல்லாம தொடாதேன்னு என்னையே அதட்டினாரு, விரல் எண்ணெய் பட்ட எடத்துல பூச்சு நிக்காதாம். ஹீட்டர் முன்னாடி இரும்பைக் கதகதன்னு ஆக்கிட்டு, ஒரு முழம் கூடத் தள்ளிப் போகாம மெல்லிசா விசிறி விசிறி அடிச்சாரு. மொத்தமா அடிச்சா வழியும், சீரியல் நம்பரும் மூடிப் போகும், நம்பரை அழிக்கிறது இங்க பெரிய குத்தம். சிங்கம் கருப்பாயிருச்சு, ஆனா பிடரி கூட அப்படியே தெரியுது. அப்புறம் கொக்கில மாட்டித் தொங்க விட்டாச்சு, நல்லா இறுக ஒரு வாரம் ரெண்டு வாரம் ஆகுமாம், அதுக்குள்ள தொட்டா கைரேகை பதிஞ்சுரும். தாங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை மான் சீசன் ஆரம்பம், ஒன்பது நாள்தான், அதான் அக்டோபர்லயே இந்த அவசரம்.

அது காயிற நேரத்துல ரைபிளோட மரக் கட்டையை எடுத்து மடியில போட்டுக்கிட்டு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில விட்டுத் தேச்சாரு பாருங்க, எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துருச்சு. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு முன்னாடி ஆத்தங்குடிக் கல்லுத் தரையைத் தேங்காய் எண்ணெய்த் துணியால அப்படித்தான் தொடைப்பாக.

நான் இங்க வந்து செட்டில் ஆயிட்டேன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், பனி தள்ளுற மெஷினுக்கு ஆயுத பூஜை அன்னிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற அளவுக்கு செட்டில் ஆயாச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி பங்காளி குரூப்புல ஒரு போட்டோ வந்துச்சு. படைப்பு வருதுன்னு வீட்டைச் சுத்தம் பண்ணிருக்காக, சரி, நிலைக்கதவுக்குச் சாக்லேட் கலர் எனாமல் பெயிண்ட்! பர்மாத் தேக்குங்க அது. ரங்கூன்ல இருந்து கப்பல்ல வந்த மரம், ஆசாரி மாசக்கணக்கா உக்காந்து செதுக்கின வேலை, நிலை மேல கஜலட்சுமிக்கு மூக்கும் வாயும் பெயிண்ட்ல ரொம்பி வழவழன்னு கொழுக்கட்டை மாதிரி இருக்கு. இரும்புக்குப் பெயிண்டும் மரத்துக்கு எண்ணெயும் போடணும்னு விஸ்கான்சின் காரனுக்குத் தெரியுது, கானாடுகாத்தானைத் தாண்டிப் போகாதவுகளுக்குத் தெரியல.

நேரா போன் போட்டுட்டேன். அண்ணன் நிதானமா, "கரையான் வருதுப்பா, அதான்"ன்னாக. தேக்கைக் கரையான் சீண்டாதுண்ணேன்னா, "சரி தம்பி, நீ வந்து வருஷா வருஷம் எண்ணெய் போடு, நான் வேணாம்னா சொல்றேன்? பெயிண்ட்டோட விட்டேனேன்னு சந்தோசப்படு, பக்கத்து வீட்டுக் கதவு, தூணு எல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருவுல வெலைக்கு நிக்குது"ன்னாக. அதுக்கு நான் என்னத்தைச் சொல்ல? அந்த வீட்டுல விளக்கு வைக்க மாசத்துக்கு ஒரு தடவை போறவுக அவுக ஒருத்தர்தான், நாங்கெல்லாம் குரூப்புல இருக்கோம். இருந்தாலும் மனசு ஆறல, சாக்லேட் கலரு!

மறுநாள் பெரியவர்ட்ட போட்டோவைக் காட்டிப் பொலம்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, ஹீட் கன் காட்டி மெதுவா சொரண்டினா வந்துரும், செதுக்கு வேலைக்கு ரிமூவரும் பழைய பல் பிரஷ்ஷும் போதும்னு சொல்லி, பெஞ்சுக்கு அடியில இருந்து ஒரு நல்ல ஸ்க்ரேப்பரை எடுத்துக் கையில குடுத்துட்டாரு. அதைப் பொட்டிக்குள்ள வைக்கப் போனா வீட்டுல ஒரே சிரிப்பு. "கொண்டு போவீக, அங்க யாரு உங்களை ஒத்தையா தொட விடுவா? அந்தக் கதவுல நம்ம புள்ளிக்கு, அதான் நம்ம குடும்பத்துப் பங்குக்கு, எத்தனை இஞ்ச் வருதுன்னு மொதல்ல கணக்குப் பாருங்க, அந்த அளவுக்கு மட்டும் சொரண்டிட்டு வருவோம்."