தடித்த இடத்தில் வெட்டிப் பாருங்கள்

கோவையில் ஒரு ஃபவுண்டரியில் உலோகவியல் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்குப் பம்ப் உடல்களை வார்க்கிறோம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம் குளோரைடு உண்டு. வழக்கமான 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு அதில் நெடுநாள் தாங்காது. வெளியே பளபளக்கும், கேஸ்கெட்டைக் கழற்றினால் அடியில் குழி விழுந்திருக்கும்.

அதனால் அரிப்பைக் கூடுதலாகத் தாங்கும் சூப்பர் டூப்ளெக்ஸ் என்னும் எஃகு. குரோமியம் 25 சதவீதம், நிக்கல் 7, மாலிப்டினம் 4, நைட்ரஜன் கால் சதவீதம். மாலிப்டினத்தை 3.3 ஆலும் நைட்ரஜனை 16 ஆலும் பெருக்கி, குரோமியத்துடன் கூட்டினால் 40ஐத் தாண்ட வேண்டும்; குழி அரிப்பைத் தாங்கும் திறனுக்கான அளவுகோல் அது. 316 ரகம் 25ஐ ஒட்டியே நின்றுவிடும். இந்த எஃகில் ஏறக்குறைய பாதி, ஃபெரைட் என்னும் காந்தம் ஒட்டும் படிக அமைப்பு; மீதி, ஆஸ்டெனைட் என்னும் ஒட்டாத அமைப்பு. அதனால் காந்தம் ஒட்டும். காந்தம் ஒட்டினால் போலி எவர்சில்வர் என்னும் பாத்திரக்கடைத் தீர்ப்பு இங்கே செல்லாது.

அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் நம்பி ஒரு வார்ப்பைத் தேற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அச்சுக்குள் மெதுவாக ஆறும்போது, 1000 டிகிரிக்கும் 600 டிகிரிக்கும் இடையில் சிக்மா என்றொரு தனிப் படிக அமைப்பு உருவாகிறது. குரோமியத்தையும் மாலிப்டினத்தையும் அது உறிஞ்சிக்கொள்ள, அக்கம்பக்கம் வறண்டுபோகிறது. அரிப்பு அங்கே நுழையும். அடி விழுந்தால் எஃகு உடையும். ரசாயனப் பரிசோதனையில் மட்டும் எல்லாம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் மொத்த அளவு மாறுவதில்லை.

சிக்மாவைக் கரைக்க வார்ப்பை 1120 டிகிரிக்கு மேல் வைத்திருந்து, உடனே தண்ணீரில் முக்க வேண்டும். உலைக் கதவுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள அந்தச் சில விநாடிகளில்தான் இந்த உலோகத்தின் தரம் முடிவாகிறது. எங்கள் கிரேன் ஓட்டும் அண்ணன் ஃபிளாஞ்சின் (குழாயோடு இணைக்கும் தடித்த வளையம்) விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆரஞ்சு மங்கிச் சிவப்பு ஏறிவிட்டால் தொட்டியில் இறக்க மாட்டார், உலைக்கே திருப்பிவிடுவார். அவர் கண்ணை நான் முழுமையாக நம்புகிறேன்.

என் வருத்தம் சோதனைக் கட்டையைப் பற்றியது. தரம் பார்ப்பதற்கென்று தனியாக வார்த்த சிறு கட்டை தொட்டியில் விழுந்ததும் குளிர்ந்துவிடும். அதில் சிக்மா எங்கிருந்து வரும்? அதே தொட்டியில் இறங்கும் கனத்த ஃபிளாஞ்சின் நடுப்பகுதி வெகுநேரம் சூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஃபிளாஞ்சோடு சேர்த்தே ஒரு துண்டை வார்த்து, தண்ணீரில் முக்கி எடுத்த பிறகு அறுத்து எடுக்கிறோம். மெருகேற்றி, காஸ்டிக் சோடாக் கரைசலில் சில விநாடி மின்சாரம் பாய்ச்சி, நுண்ணோக்கியில் வைத்தால் ஆஸ்டெனைட் வெண்தீவுகளாகத் தெரியும், சுற்றிலும் ஃபெரைட் பழுப்பாக. அந்த எல்லைக்கோட்டில் சிக்மா கருத்த பொடிமணிகளாகத் தென்பட்டால், கட்டை என்ன சொன்னாலும் சரி, அந்த வார்ப்பு வெளியே போகாது.

இப்படிச் செய்தால் உலோகமும் நேரமும் கூடுதலாகச் செலவாகும். பம்ப் வாங்குவோர் தங்கள் ஆர்டரிலேயே இதைக் கேட்டு எழுதிவிட்டால், எந்த ஃபவுண்டரியும் தட்டிக்கழிக்க முடியாது.