பழைய பிராங்கோவுக்கு இப்ப இருக்கற மவுசு

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ப்ரிங் எ ட்ரெய்லர்ங்கற ஆன்லைன் கார் ஏல சைட்ல ஃபோர்டு பிராங்கோ வண்டி ஏலம் பாக்கறது எனக்குப் பழக்கமாயிடுச்சு. 1966ல இருந்து 1977 வரைக்கும் அமெரிக்காவுல வந்த முதல் தலைமுறை வண்டி, சேத்துலயும் மலையிலயும் அடிவாங்கறதுக்குன்னே செஞ்சது. அப்பல்லாம் பெரிய டயர் மாட்டணும்னா பின்பக்க ஃபெண்டரை, அதாவது சக்கரத்துக்கு மேல இருக்கற தகட்டை, வெட்டிடுவாங்க, யாரும் பெருசா எடுத்துக்கல. இன்னைக்கு ஃபெண்டர் வெட்டாத வண்டின்னு சொன்னாலே விலை ஏறுது!

ஆனா மாத்தின வண்டிக்கும் இப்ப மதிப்பு இருக்கு பாருங்க, அதே பழைய பாடிக்குள்ள ஃபோர்டோட இந்தக் காலத்து 5.0 லிட்டர் கயோட்டி வி8 இன்ஜின், டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங், ஏசின்னு போட்டு நல்லா பில்ட் பண்ணின வண்டி 1 லட்சம் டாலரைத் தாண்டிப் போகுது. 2020ல ஃபோர்டு புது பிராங்கோவைக் காட்டினதும் பழசு மேல இன்னும் கண்ணு விழுந்துச்சு. ஏலத்தோட கடைசி 2 நிமிஷத்துல யாராவது பிட் போட்டா, அதாவது விலை ஏத்திக் கேட்டா, கடிகாரம் மறுபடி 2 நிமிஷத்துக்குப் போயிடும், ரெண்டு பேர் விடாம மோதினா விலை எங்கயோ போய் நிக்கும்.

எனக்கு வருத்தம் என்னன்னா இவ்ளோ காசு குடுத்து வாங்கினவங்க இதைக் காட்டுப் பக்கம் எடுத்துட்டுப் போகவே பயப்படுவாங்க. கீறல் விழாத பிராங்கோ எனக்குப் பாக்கவே பாவமா இருக்கு.

வாங்கற ஐடியா இருக்கறவங்க பளபளன்னு இருக்கற பெயிண்டைப் பாத்து மயங்காதீங்க, துரு புடிக்கற வண்டி இது, அடியில ஃப்ரேம் போட்டோ, வெல்டிங் போட்டோ, இன்ஜின் மாத்தின பில் எல்லாத்தையும் கேட்டு வாங்கிப் பாத்துட்டு அப்புறமா பிட் போடுங்க.