பால் கணக்கு நோட்டில் ஒரு கிளி

முதல் கடி இடது காது மடலில். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், என் தோளில் ஏறி உட்கார்ந்து தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்த ஜில்லு, சொல்லாமல் கொள்ளாமல் நறுக்கென்று பிடித்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் என்றுதான் அன்று நினைத்தேன். அது சொல்லிவிட்டுத்தான் கடிக்கிறது என்று எனக்குப் புரிய ஆறு வாரமும் பதினேழு கடியும் ஆயின.

ஜில்லு, கிரீன் சீக் கான்யூர் என்ற சின்னக் கிளி. மூன்று வயது. நீளம் ஒரு மைனா அளவுதான், அதிலும் பாதி வால். பச்சை முதுகு, சாம்பல் மார்பு, அரக்கு நிற வால். சமையலறைத் தராசில் நிறுத்தபோது 68 கிராம். என் கணவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு வடக்கே மாற்றல் வந்தது. "நீங்க வச்சுக்கிறீங்களா?" என்று கேட்டார். கூண்டோடும் ஒரு பை சூரியகாந்தி விதையோடும் திருச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அம்மாவின் முதல் கேள்வி: "கிளி வளர்த்தா பிடிச்சிட்டுப் போயிடுவாங்களாமே?" நியாயமான கேள்விதான். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கான்யூர் பொலிவியா, பிரேசில் பக்கத்துப் பறவை. ஜில்லு முட்டையிலிருந்து பொரிந்ததே கூண்டில்தான். ஆனாலும் 2024இல் வந்த விதிகளின்படி அதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். அந்த வேலை முடிந்த பிறகுதான் கூண்டையே தூக்கி வந்தோம்.

இதற்கு முன் எங்கள் வீட்டில் வளர்ந்தவை நாயும் பூனையும். வாலை ஆட்டினால் என்ன, காதை மடக்கினால் என்ன என்று ஓரளவு தெரியும். அந்தப் படிப்பு இங்கே செல்லுபடியாகவில்லை. முதல் ராத்திரி விளக்கை அணைத்ததும், யாரோ ஊறாத அரிசியை மெல்வது போல ஒரு சத்தம். அலகை அலகோடு தேய்த்துக்கொண்டிருந்தது. ஏதோ நோய் என்று நான் விடிய விடியத் தூங்கவில்லை. அது தூக்கம் சொக்கும் நேரத்தில், மனசு நிம்மதியாக இருக்கும்போது செய்கிற வேலையாம். மறுவாரம் என் கணவரின் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டி, தின்றதை அதன் மேல் கக்கி வைத்தது. "மாப்பிள்ளையைப் பார்த்தாலே அதுக்குக் குமட்டுது" என்று அம்மா சொல்ல, அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். உண்மை நேர்மாறு. ஜோடிக்கு ஊட்டுவது போல அவருக்கு ஊட்டப் பார்த்திருக்கிறது. அவர்தான் தினமும் அதன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதுகிலும் வாலடியிலும் தடவினால் ஜோடி சேரக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ளும், தலையோடும் கழுத்தோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடி மட்டும் பிடிபடவில்லை. ஒரு நாள் எரிச்சலில், கைக்கு அகப்பட்ட பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணி, கடிக்கு முன்னால் என்ன நடந்தது, கடித்த பிறகு நாங்கள் என்ன செய்தோம். "கிளிக்கு ஜாதகம் எழுதறியா?" என்றாள் அம்மா. எட்டாம் கடிக்கான பதிவு இப்படி இருக்கிறது:

"செவ்வாய், இரவு 8.50. சீரியல் ஓடுகிறது. கூண்டுக்குள் விடக் கையை நீட்டினேன். ஆள்காட்டி விரல், ரத்தம். கத்தினேன். கூண்டுக்குள் விடவில்லை."

அந்தக் கடைசி வரியை எழுதிய பிறகுதான் உறைத்தது. கூண்டுக்குப் போக அதற்கு இஷ்டமில்லை, கடித்தது, போக வேண்டியிருக்கவில்லை. நல்ல வேலை செய்கிற ஆயுதத்தை யார் கீழே போடுவார்கள்? பழக்கிவிட்டது நாங்கள்தான். போதாக்குறைக்கு நான் கத்த, அம்மா சிரிக்க, அவர் டெட்டாலைத் தேடி ஓட, வீடே கூத்துக் கொட்டகை. ஜில்லுவுக்கு அந்தக் கூத்து பிடித்தும் இருந்தது.

பக்கங்களைத் திருப்பினால் இன்னொன்றும் தெரிந்தது. பாதிக் கடிக்கு மேல் இரவு எட்டு மணிக்குப் பிறகு. கூண்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. இந்தப் பறவைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். நாங்கள் பத்தரை வரை சீரியலும் டியூப் லைட்டுமாக உட்கார்ந்திருந்தோம். தூக்கம் கெட்ட குழந்தை சிணுங்கும், இது கடித்தது. கூண்டைப் பின்னறைக்கு மாற்றி, ஏழரைக்கெல்லாம் பழைய வேட்டியைப் போட்டு மூடினேன். அந்த வாரமே கடி ஒன்றாகக் குறைந்தது.

அப்புறம் கழுத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கோபத்தில் கண்மணி சுருங்கி விரியும் என்பார்கள். சரிதான், ஆனால் ஜில்லுவின் கண் அடர் பழுப்பு, வெளிச்சம் குறைந்தால் ஒன்றும் தெரியாது. தவிர, மாதுளை முத்தைப் பார்த்தாலும் அதே சுருக்கம், அதே விரிவு. அது பரபரப்பின் அடையாளம், கோபமாக இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. எனக்கு உதவியது கழுத்து. கடிக்கப் போகும் ஜில்லுவின் கழுத்து இறகுகள் எண்ணெய் வைத்து வாரிய தலை மாதிரி படிந்துவிடும். உடம்பு மெலிந்து நீளும், ஓர் ஆட்டம் அசைவு இருக்காது. இரண்டு நொடி, சில சமயம் மூன்று. கையை அப்போது பின்னுக்கு இழுத்தால் போதும். முதல் கடிக்கு முன் என் தோளில் இருந்தபோதும் இதைச் செய்திருக்கும். தோளில் இருப்பதை நான் எங்கே பார்த்தேன்?

சூரியகாந்தி விதையைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டோம். கொழுப்பு அதிகம், அதையே தின்றுவிட்டுக் கீரையைத் தொடாது. இப்போது அது கூலி. குச்சி ஐஸ் குச்சியின் நுனியை அலகால் தொட்டால் ஒரு விதை, குச்சியின் பின்னாலேயே நடந்து கூண்டுக்குள் போனால் இரண்டு. கிண்ணத்தில் முருங்கைக்கீரை, கேரட், ஊறவைத்த பயறு. பச்சை மிளகாயை விதையோடு தின்பதைப் பார்த்து அம்மா "ஐயோ பாவம்" என்று பதறினாள். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது. நம் ஊர்க் கிளி மிளகாயைக் கொறிப்பதை அவளே எத்தனை தடவை பார்த்திருப்பாள்!

வீடும் கொஞ்சம் மாறிவிட்டது. ஜில்லு வெளியே இருந்தால் ஃபேன் ஓடக் கூடாது. மே மாதத் திருச்சியில் இதைச் சொல்லிப் பாருங்கள். அதனால் அதன் உலாத்தல் காலை ஆறரைக்கு. நான்ஸ்டிக் கல் அதிகம் சூடேறினால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும் என்பதால் பழைய இரும்புத் தோசைக்கல் பரணிலிருந்து இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

சாயங்காலக் கூச்சல் தனிக் கதை. தினமும் ஐந்து மணி வாக்கில் காது கிழியக் கத்தும். பசியா, வெயிலா, தெருவில் காக்காயா என்று எல்லாம் பார்த்தாயிற்று. நோட்டில் நான்கு நாள் எழுதியதும் தெரிந்தது: அம்மா காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போகும் நேரம் அது. காட்டில் இவை கூட்டமாகத்தான் திரியும். ஒன்று கண்ணில் படாவிட்டால் மற்றது குரல் கொடுக்கும், மறைந்தது பதில் குரல் கொடுக்கும். பதில் வராவிட்டால் குரல் ஏறும். எங்கள் அம்மாவும் அப்படித்தான். நான் அறையில் இருந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அடுக்களையிலிருந்து "ஏண்டி!" என்பாள். "என்னம்மா?" என்றால் "ஒண்ணுமில்ல, சும்மா." நான் பதில் சொல்லாவிட்டால் கரண்டியோடு வந்து நிற்பாள்.

இதை அவளிடம் சொன்னபோது முறைத்தாள். ஆனால் மறுநாள் மாடிப்படியில் நின்று, "இந்தா இருக்கேன்டா" என்று ஒரு குரல் கொடுத்தாள். உள்ளிருந்து "க்ரீக்" என்று ஒரே ஒரு சத்தம். இப்போது துணி எடுத்து முடிப்பதற்குள் நாலைந்து முறை இருவரும் பேசிக்கொள்கிறார்கள். எதிர்வீட்டு அக்கா, "யாரோடம்மா பேசறீங்க?" என்று கேட்டாகிவிட்டது.

போன வாரக் கணக்கு இரண்டு கடி. ஒன்று என்னை. போனில் பேசிக்கொண்டே கையை நீட்டினேன், கழுத்தைப் பார்க்கவில்லை. இன்னொன்று அம்மாவை, சனிக்கிழமை காலை, மாதுளை கொடுக்கும்போது. இத்தனைக்கும் அவள் கையில்தான் அது எப்போதும் சமர்த்தாக வாங்கித் தின்னும். எவ்வளவு யோசித்தும் பிடிபடாமல், "காரணம் தெரியவில்லை" என்று எழுதி வைத்திருந்தேன்.

நேற்று பால்காரருக்குக் கணக்குப் பார்க்க நோட்டை எடுத்தேன். என் வரியின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் அம்மாவின் கோணல் எழுத்து: "வளைகாப்பில் என் கையில் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்."