அசையாமல் நிற்கும் தண்ணீர்மட்டம்

ஓடிக்கொண்டிருக்கும் பாய்லரின் கேஜ் கிளாஸில், அதாவது உள்ளே உள்ள தண்ணீர்மட்டத்தைக் காட்டும் கண்ணாடியில், தண்ணீர் சும்மா நிற்காது. உள்ளே கொதிப்பதால் லேசாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கோடு போட்டதுபோல அசையாமல் நின்றால் அடைப்பு என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்பை அந்தக் காலத்தில் கையால் போட்டு நிறுத்திய ஆபரேட்டருக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. கண்ணாடியைப் பார்க்காமல் அவரால் பம்பை ஓட்டவே முடியாது. இன்று அந்த வேலையை ஃப்ளோட் என்ற மிதவை பார்த்துக்கொள்கிறது. ஆபரேட்டர் பேனலின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஃப்ளோட் இருக்கும் அறை பாய்லருக்கு வெளியே, மேலே ஒரு நீராவிக் குழாயாலும் கீழே ஒரு தண்ணீர்க் குழாயாலும் இணைந்திருக்கும். கீழ்க் குழாயில் சேறு படிந்து அடைத்துக்கொண்டால், பாய்லரில் தண்ணீர் இறங்கினாலும் அறையில் இருப்பது இறங்காது. ஃப்ளோட் மிதந்தபடியே இருக்கும். பம்ப் ஓடாது, அலாரம் அடிக்காது, பர்னரும் அணையாது. கருவியில் எந்தப் பாகமும் உடையவில்லை. அதற்குத் தெரிந்த தண்ணீரை அது சரியாகத்தான் அளக்கிறது. இதனால்தான் இந்தக் கோளாறு இவ்வளவு பயங்கரமானது.

பேனலில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தி, அலாரம் அடித்ததும் லாக் ஷீட்டில் டிக் போடுவது பல இடங்களில் பழகிப்போய்விட்டது. அந்தப் பட்டன் மின்சுற்றை மட்டுமே சோதிக்கிறது. குழாய் அடைத்திருப்பது அதற்குத் தெரியாது. ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது ஃப்ளோட் அறையின் ட்ரெய்ன் (வடிகால்) வால்வைத் திறந்து சேற்றை வெளியேற்ற வேண்டும். ஃப்ளோட் கீழே விழுந்து பர்னர் அணைய வேண்டும்.

கேஜ் கிளாஸையும் நீராவியும் தண்ணீரும் விட்டு ஊதிப் பார்க்க வேண்டும். ட்ரெய்னைத் திறந்து, தண்ணீர் வால்வை மூடினால் நீராவி பலமாக வர வேண்டும். அதைத் திறந்து நீராவி வால்வை மூடினால் தண்ணீர் வர வேண்டும். பிறகு இரண்டையும் திறந்து ட்ரெய்னை மூடியதும் தண்ணீர் சட்டென்று ஏற வேண்டும். மெதுவாக ஊர்ந்து ஏறினால் பாதி அடைப்பு. எந்தப் பக்கம் அடைத்தாலும் கண்ணாடி உண்மையைவிடக் கூடுதலான மட்டத்தையே காட்டும் என்பதை மறக்கக் கூடாது.

கப்பலிலும் இதே தவறு நடந்திருக்கிறது. 1995 ஜூனில் பெர்முடாவிலிருந்து பாஸ்டன் போன ‘ராயல் மெஜஸ்டி’ பயணிகள் கப்பலில் ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிள் கழன்றுவிட்டது. கருவி நிற்கவில்லை, வேகத்தையும் திசையையும் வைத்து இடத்தைக் கணித்துக் காட்டிக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லும் சிறிய எழுத்துகள் திரையில் இருந்தும் யாரும் கவனிக்கவில்லை. ஏறத்தாழ 34 மணி நேரம் கழித்து, பாதையிலிருந்து 17 மைல் விலகி, நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் கப்பல் தரைதட்டியது. கரையிலிருந்து வரும் ரேடியோ அலைகளை வைத்து இடத்தைக் காட்டும் லோரான் என்ற தனிக் கருவியும் அதே கப்பலில் இருந்தது. அதையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

பாய்லரில் அந்த இரண்டாவது சாட்சி கேஜ் கிளாஸ்தான். ஆகவே வாரம் ஒருமுறை ஆள் பக்கத்தில் நின்று, லோடைக் குறைத்து, ஃபீட் பம்பை நிறுத்தி, தண்ணீரை மெல்ல இறங்கவிட வேண்டும். கண்ணாடியில் தண்ணீர் தெரியும்போதே பர்னர் தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் கையால் அணைத்துவிட்டு, கோளாறு தீரும்வரை பாய்லரை ஓட்டக் கூடாது.

கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால் பதற்றத்தில் கை முதலில் பம்பைத்தான் தேடும். அதுதான் ஆகாது. காய்ந்து சிவந்த குழாய்களில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உலோகம் வெடிக்கலாம், நீராவி ஒரே நொடியில் பெருகலாம். பர்னரை நிறுத்தி, தண்ணீர் விடாமல், தானாக ஆற விட வேண்டும். வாராந்தரச் சோதனையைப் புதிதாக வந்தவர் கையால் செய்யவிட்டு, மூத்தவர் பக்கத்தில் நின்று பார்ப்பது இதற்காகத்தான். பர்னர் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்தக் கை அன்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.