பள்ளிக்கரணை: பறவைக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீரின் ஆழம்தான் முடிவு செய்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்கிற நேரத்தில் சதுப்பு தளும்பிக் கிடக்கும். கூழைக்கடா, முக்குளிப்பான், நாமக்கோழிக்கெல்லாம் அதுதான் காலம். ஒக்கியம் மடுவு வழியே நீர் வடிந்து, வெயிலும் ஏறி, ஓரங்களில் சேறு தலைகாட்டியதும் சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்கள் இறங்கிவிடுகின்றன. ஜனவரியில் போனால் இரண்டு கூட்டத்தையும் ஒரே காலையில் பார்க்கலாம்.

துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடிச் சாலை சதுப்பை இரண்டாகப் பிளந்து கிழக்கு மேற்காகப் போகிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குப் பார்த்து நில்லுங்கள். வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கும். தெற்கே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். அன்றிலை நீர்க்காகம் என்று குறித்துக்கொண்டு வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வெயில் நேராக விழும்போது அதே அன்றிலின் சிறகு பச்சையும் ஊதாவுமாக மின்னும்.

ஆழமான பகுதியில் தட்டைவாயன், ஊசிவால் வாத்து, நீலச்சிறகி என மூன்று வகை வாத்துகளும் கலந்தே மிதக்கின்றன. தட்டைவாயனை அலகே காட்டிக்கொடுக்கும்: கரண்டி போல நுனி அகன்று, நீரைச் சலித்தபடியே நகரும். நீலச்சிறகியில்தான் தடுமாற்றம். ஆணின் வெள்ளைப் புருவக்கோடு பலவற்றுக்கு ஜனவரியில்கூட முழுதாக வந்திருக்காது. பறக்கும் வரை காத்திருங்கள். ஆணின் சிறகின் முன்பாதி சாம்பல் நீலமாகத் தெரிந்தால் அதுவேதான்.

மிதக்கும் இலைகள் மேல் நீளவால் இலைக்கோழி. இந்தப் பருவத்தில் அந்த நீளவால் இருக்காது, அதைத் தேடினால் ஏமாற்றம்தான். கால்விரல்களைப் பாருங்கள்: குச்சிகுச்சியாக நீண்டு, உடல் எடையை இலைமேல் பரப்பிவிடுகின்றன. ஒரு காலை ஊன்றி, மறுகாலின் விரல்களைக் குவித்துத் தூக்கி, அடுத்த இலைமேல் விரித்து வைக்கிறது. இலை லேசாக அமிழ்கிறது. அது முழுகுவதற்குள் பறவை அடுத்ததில் இருக்கிறது.

ஓரத்து ஈரச்சேற்றில் கொசு உள்ளான்கள். சிட்டுக்குருவி அளவுதான் உடல், கால் அதைவிடக் குட்டை; நீர் நான்கு விரல் ஏறினாலே அவற்றுக்கு இடமில்லை. கட்டட இடிபாடுகளைக் கொட்டும்போது முதலில் மூடிப்போவதும் இந்த ஆழமற்ற விளிம்புதான். 2022இல் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம் பெற்ற இடத்தில், பார்வைக்கு வெறும் சேறாகத் தெரியும் இந்த ஓரத்தைக் காப்பதே முதல் வேலை.

8x42 இருநோக்கி போதும். உள்ளான்களைப் பிரித்தறியத் தாங்கியோடு தொலைநோக்கி வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் கானல் அசையத் தொடங்கினால் அதுவும் உதவாது. பெருங்கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவில் கூட்டம் முழுவதையும் அளந்து போங்கள்.

வாத்துகள் திடீரென ஒன்றாக எழும்பினால் மேலே பாருங்கள். பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து சிறகுகளை வி வடிவில் தூக்கியபடி தாழப் பறந்துகொண்டிருக்கும். கூட்டம் இடம் மாறி உட்கார்ந்த பிறகு முந்தைய எண்ணிக்கையோடு கூட்டாதீர்கள். ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.